குணலட்சுமி ஏன் சுடலைக்குப் போனாள்?

1

உண்மையைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். இந்தக் கதை ஒரு பிழையில் பிறந்தது. ஒரேயொரு வரிப் பிழை. அந்த வரியால் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதி இப்போது இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. எனக்கோ நாலு நாளாகக் கை பரபரத்துக்கொண்டே இருக்கிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மாலை வெயிலில் புத்தூர்ச் சந்தி மஞ்சளாக..." வேண்டாம். சந்தியில் வெயிலைப் பார்க்க எவருக்கும் நேரமில்லை. எல்லோரும் கொலைகாரர் யாரென்று சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது தொடக்கம்: "நான் ஒரு..." அதையும் அடித்துவிட்டேன். "நான்" என்று எழுதினால் எனக்கு நானே வக்காலத்து வாங்கத் தொடங்கிவிடுவேன். ஆகவே "அவள்". பெயர் ஜெசிதா. பெயர் மட்டும் பொய், மற்றதெல்லாம் நான்தான்.

2

ஜெசிதா குருநகர்க்காரி. கத்தோலிக்க வேதக்காரக் குடும்பம், அப்பாவுக்குக் கடற்றொழில். யாழ்ப்பாண நகரில் ஓர் அச்சகத்தில் புரூப் பார்க்கிறாள். மரண அறிவித்தல், கல்வெட்டு*, கல்யாணக் கார்ட் என்று பதினாறு வருடமாக மற்றவர்கள் விட்ட பிழையைச் சிவப்பு மையால் வட்டமிடுவதே தொழில். போன வருடம் அவளே ஒரு நாவல் எழுதினாள். "ஏழாம் கட்டை வீடு." துப்பறியும் நாவல்.

(* வெளியூர் வாசகருக்கு: செத்தவரின் நினைவாக முப்பத்தோராம் நாள் கொடுக்கும் சிறு புத்தகத்தை இங்கே கல்வெட்டு என்போம். கனபேரைப் பற்றி வெளிவந்த ஒரே புத்தகம் அதுதான்.)

நாவல் சுருக்கமாக: புத்தூரில் பரமலிங்கம் என்ற பெரிய தோட்டக்காரர் தேத்தண்ணீர் குடித்த கையோடு செத்துப்போகிறார். சந்தேகம் இரண்டு பேர் மேல். மனைவி குணலட்சுமி, மருமகன் றஜிந்தன். கடைசிப் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் வாசலில் வந்து இறங்குகிறார். இருவரும் வெளியே வருகிறார்கள். அவர் ஒருவருக்கு முன்னால் போய் நிற்கிறார். யாருக்கு முன்னால் என்று எழுதவில்லை. மருமகன்தான் என்பது சின்னப்பிள்ளைக்கும் விளங்கும் என்று ஜெசிதா நினைத்தாள்.

விளங்கவில்லை. விளங்காததால் புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. "மருமகன் கட்சி" ஒன்று முளைத்தது, "குணலட்சுமி கட்சி" ஒன்று முளைத்தது. அளவெட்டிக் கோயில் திருவிழாவில் பின்வரிசை வாக்குவாதம் முற்றி, நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தி "நான் மருமகன் பக்கம்" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தாராம். (நான் நம்பவில்லை. இந்த வரியை அடித்துவிடவும் மனம் வரவில்லை.) உடுவிலில் ஒரு வீட்டில் புருஷன் குணலட்சுமி கட்சி, மனைவி மருமகன் கட்சி. இப்போதெல்லாம் அவர் தன் தேத்தண்ணீரைத் தானே ஊற்றிக் குடிக்கிறாராம்.

ஜெசிதாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் அந்தப் புத்தகத்தை வாசித்துக்கொண்டு வந்தாள். அவள் எந்த இடத்தில் முகத்தைச் சுளிக்கிறாள் என்று பார்ப்பதற்காகவே ஜெசிதா இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் இன்னும் மூன்று தரிப்பிடம் போனாள்.

3

பிழை தெரியவந்தது இப்படித்தான். அச்சகம் கஜீபனுடையது. அவளைவிடப் பத்து வயது இளையவன். நாவலை வெளியிட்டவனும் அவனே.

"அக்கா, அந்த மனுசியைச் சுடலையிலை கொண்டுபோய் நிப்பாட்டினியள் பாருங்கோ. அந்த ஒரு வரியிலைதான் ஊர் முழுக்கத் தொங்குது."

"எந்த வரி?"

"'சிதை மூண்டதும் குணலட்சுமி ஓரடி பின்னால் நகர்ந்தாள்.'"

"அதுக்கென்ன? மனிசன்ரை செத்தவீடு. மனிசி போகாமல்?"

கஜீபன் விழுந்து விழுந்து சிரித்தான். "இதுதான் உங்கடை கெட்டித்தனம். எனக்குக்கூட வாயைத் திறக்கமாட்டியள். சைவச் சனத்திலை பொம்பிளையள் சுடலைக்குப் போறேல்லை எண்டு தெரியாத ஆள் மாதிரி."

ஜெசிதாவுக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

குருநகரில் பெண்கள் பெட்டிக்குப் பின்னால் சவக்காலை வரைக்கும் நடப்பார்கள், ஒரு பிடி மண்ணும் போடுவார்கள். சைவச் செத்தவீடுகளுக்கும் ஜெசிதா போயிருக்கிறாள். பிரேதம் வெளிக்கிட்டதும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவாள். வாசல் படலையோடு நின்றுவிட்ட பெண்களைக் கண்டிருக்கிறாள். அவர்கள் பின்னால் வாகனத்தில் வருவார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டாள். "தகனக்கிரியைக்காக இந்து மயானத்திற்கு எடுத்துச் செல்லப்படும்" என்ற வரியை ஆயிரம் அறிவித்தல்களில் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தவள் அவள். யார் யார் கூடப் போவார்கள் என்று ஓர் அறிவித்தலிலும் இருக்கவில்லை.

குணலட்சுமி கட்சியின் வாதம்: நஞ்சின் தடயம் எரிந்து முடிகிறதா என்று பார்க்கத்தான் அவள் வழக்கத்தை மீறிப் போனாள். மருமகன் கட்சியின் வாதம்: எழுதியவளுக்கு எங்கள் வழக்கம் தெரியாது, பிழையாக எழுதிவிட்டாள். (மருமகன் கட்சி சொன்னது சரி. எரிச்சலாக இருக்கிறது.)

"பிழையெண்டு சொல்லிவிடுமன்," என்றான் அவளுடைய கணவன் கனிசியஸ், வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டே.

"புரூப் பாக்கிறவளின்ரை புத்தகத்திலை பிழையெண்டால் சனம் சிரிக்காதே?"

"அப்ப சொல்லாதையும்."

"சொல்லாட்டிப் பொய்."

"நீர் எழுதினதே பொய்க்கதைதானே ஜெசி."

4

புத்தூர் வாசிகசாலை, ஞாயிறு பின்னேரம் நாலு மணி. கதிரை போதாமல் மதிலில் ஏறி இருந்தார்கள். ஒழுங்கு செய்தவர்கள் நடுவில் வழி விட்டு, இடப்பக்கம் குணலட்சுமி கட்சி, வலப்பக்கம் மருமகன் கட்சி என்று பிரித்தேவிட்டார்கள். ஜெயதீபன் என்ற இளம் வாத்தியார் சுடலையின் வரைபடத்தைப் பெரிதாகக் கீறிக் கொண்டுவந்திருந்தார். குணலட்சுமி நின்ற இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. இரண்டாம் பதிப்பில் கொலைகாரரின் பெயரோடு ஒரு பக்கம் கூடுதலாக வரும், பெயரை அக்கா இன்றைக்கே சொல்லுவா என்று கஜீபன் அறிவித்ததும் விசில் பறந்தது.

இப்படியொரு பின்னேரம் ஜெசிதாவின் வாழ்க்கையில் வந்ததேயில்லை. "குணலட்சுமிதான்" என்று சொல்வதென்று அந்த நிமிடத்தில் முடிவெடுத்தாள். பிழையும் மறைந்துவிடும், கெட்டிக்காரி என்ற பெயரும் நிலைத்துவிடும்.

(ஓம், அதைத்தான் முடிவெடுத்தாள். அவளை நல்லவளாகக் காட்ட ஆசைப்பட்டு இந்த இடத்தை மூன்று தரம் மாற்றினேன். பிறகு வெட்கப்பட்டு உள்ளதையே எழுதிவிட்டேன்.)

அப்போது எந்தப் பக்கத்திலும் இருக்காமல் கதவடியில் நின்ற ஒரு பெண் கையை உயர்த்தினாள். நாற்பது வயதிருக்கும். இதே ஊர், பெயர் உதயகலா.

"அக்கா, எங்கடை அப்பா மோசம் போய் நாலு வருசம். நான் ஒரே பிள்ளை. பெரியப்பாவின்ரை மகன்தான் கொள்ளி வைச்சவர். நான் பிரேதத்துக்குப் பின்னாலை சுடலைக்குப் போனனான். மறிச்சவை, நான் கேக்கேல்லை. அண்டையிலையிருந்து எங்கடை ஒழுங்கையிலை, அயல் வீடுகளிலை, கனபேர் என்னோடை கதைக்கிறேல்லை."

அவள் கதவடியிலிருந்து ஓரடி முன்னால் வந்தாள்.

"உங்கடை புத்தகத்திலை அவா போய் நிண்டா. ஒருத்தரும் ஏனெண்டு கேக்கேல்லை. அந்தப் பக்கத்தை எத்தினை தரம் வாசிச்சிருப்பன் எண்டு எனக்கே தெரியாது. இப்ப இவை சொல்லினம், கொலைகாரியெண்டபடியால்தான் போனவா எண்டு. ஒழுங்கையிலை என்னைக் குணலட்சுமி எண்டு கூப்பிட்டுச் சிரிக்கினம். மற்றப் பக்கம் சொல்லினம், நீங்கள் பிழையா எழுதிப்போட்டியள் எண்டு. கொலை செய்தது ஆரெண்டு எனக்குத் தேவையில்லை. அவா ஏன் போனவா? அதை மட்டும் சொல்லுங்கோ."

ஜெசிதா மைக்கைக் கையில் எடுத்தாள். "எல்லாம் இரண்டாம் பதிப்பிலை வரும்," என்றாள்.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. சாமர்த்தியமான பதில் என்று இரண்டு கட்சியும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அதுதான். உதயகலா செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

5

கூடுதல் பக்கம் நாளைக்கு அச்சுக்குப் போக வேண்டும். கஜீபன் இரண்டு தரம் போன் எடுத்துவிட்டான். மேசையில் மூன்று முடிவுகள் கிடக்கின்றன.

முதலாவது: குணலட்சுமிதான். இடப்பக்கம் வெடி கொளுத்தும். உதயகலாவுக்கு அவளுடைய ஒழுங்கையில் அந்தப் பெயர் சாகும்வரை ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது: மருமகன்தான், சுடலை வரி ஆசிரியரின் தவறு, அது நீக்கப்படுகிறது. சுத்தமான முடிவு. ஆனால் நீக்கினால் குணலட்சுமியும் படலையோடு நின்றுவிடுவாள். உதயகலாவுக்குத் துணையாக அங்கே நின்ற ஒரேயொருத்தியையும் திருப்பி அனுப்பியது நானாகும். (இங்கே "அவள்" நழுவி "நான்" வந்துவிட்டது. கிடக்கட்டும்.)

மூன்றாவது: கொலை செய்தவர் இன்ஸ்பெக்டரே. (சிரிக்காதீர்கள். ஒரு மணித்தியாலம் உண்மையாகவே யோசித்தேன்.)

பிறகுதான் விளங்கியது. விளங்கியதும் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிவிட்டேன். அந்த வரியை எழுதியபோது நான் துப்பு எதுவும் வைக்கவில்லை. பிழை விடுகிறேன் என்றும் தெரியாது. மனிசன் செத்துப்போனார், மனிசி கடைசிவரை கூடப் போகாமல் வீட்டில் நிற்பாள் என்பது என் புத்திக்கு எட்டவேயில்லை. ஊர் முழுக்கத் தேடுகிற காரணம் அவ்வளவுதான். கனிசியஸிடம் கேட்டேன், நீங்கள் செத்தால் நான் வரவோ என்று. "வராமல் விட்டீரெண்டால் எழும்பி வந்து கேப்பன்," என்றான்.

ஆகவே கஜீபனுக்கு நான் அனுப்பும் பக்கத்தில் கொலைகாரரின் பெயர் இல்லை. ஒரு வரி மட்டும் இருக்கிறது:

"உதயகலா, அவா தன்ரை மனிசனோடை போனவா."

கஜீபன் தலையில் கை வைப்பான். வைக்கட்டும். முடிவை உங்களிடம் விடுகிறேன். மருமகன் என்றால் மருமகன், குணலட்சுமி என்றால் குணலட்சுமி. தடயங்கள் புத்தகத்தில் ஏராளம் கிடக்கின்றன, பொறுக்கி எடுத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். அவள் சுடலைக்குப் போனதை மட்டும் சாட்சியாக எடுக்காதீர்கள்.