ஆள் பிடிபடாத பாட்டு

ஆண்பிள்ளை ஒருவன் சினிமாப் பாட்டு முனகினால் அவன் மனதில் ஓடுவதைக் கண்டுபிடித்துவிடலாம். சோகப் பாட்டென்றால் கம்பெனியில் யாரோ ஏசியிருக்கிறார்கள். அம்மா பாட்டென்றால் ஊருக்குப் போக வேண்டும், நம்மிடம் கேட்கப் பயம். காதல் பாட்டென்றால் விசாரிக்க வேண்டிய விஷயம். என் வீட்டுக்காரர் மாதவனைக் கல்யாணமான நாளிலிருந்து நான் இப்படித்தான் படித்துவந்தேன். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அந்த மனுஷன் திடீரென்று வார்த்தையே இல்லாத ஒன்றை முனக ஆரம்பித்தால் நான் என்னவென்று கண்டுபிடிப்பது?

திருப்பூரில் எங்கள் இருவருக்கும் ஒரே பனியன் கம்பெனி. அவர் கீழே கட்டிங் மாஸ்டர். நான் மாடியில் ஓவர்லாக் டெய்லர். கரண்ட் எங்களைப் பாடாய்ப் படுத்திய இரண்டாயிரத்து எட்டில் அமெரிக்காவிலிருந்து எங்கள் பனியனை வாங்கும் பையர் ஒருவர் வந்தார். சாயப்பட்டறையைக் காட்ட முதலாளி அவரைக் காரில் கூட்டிப்போனபோது, துணியைப் பற்றிச் சொல்ல என் வீட்டுக்காரரும் போனார். வழி நெடுக அந்தப் பையர் தன்னுடைய சிடியைப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். இறங்கும்போது இவர் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் "மியூசிக் வெரி நைஸ் சார்" என்று சொல்ல, அவர் சிரித்துவிட்டு சிடியை உருவிக் கையிலேயே கொடுத்துவிட்டார்.

சிடி அட்டையில் மூக்குக் கண்ணாடி போட்ட கிழவர் ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவர்தான் இசையமைத்தவராம். அமெரிக்காக்காரராம். செத்துப் பல வருஷமாகிவிட்டதாம். என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மொபைல் கடையில் கொடுத்து அதைப் போனில் ஏற்றிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து காதில் இயர்போன் ஒயர் இல்லாமல் அவரைப் பார்ப்பது அபூர்வமாகிவிட்டது.

"பாட்டே இல்ல புள்ள, வெறும் மியூசிக்குதான்" என்றார் என்னிடம். "எத்தனையோ பேரு ஒண்ணா உக்காந்து வாசிக்கறாங்க. ஆனாப் பாரு, ஒரு பாரமே இல்ல. வயலினெல்லாம் ஒண்ண ஒண்ணு தொரத்திட்டு ஓடுது. சடார்னு எல்லாம் நின்னுக்குது. ஆரோ ஒருத்தன் மட்டும் ஒரு சின்ன மணிய அடிக்கறான். மறுக்கா எல்லாம் ஓடுது. நமக்குச் சிரிப்பு வந்துருது. இந்தா, கேட்டுப் பாரு."

"எனக்கொண்ணும் வேண்டாமுங்க" என்றேன்.

கேட்டிருக்கலாம்தான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேனே! பெண் பார்க்க வந்த அன்றுகூட அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் இல்லை. என்னைப் பார்த்து வராத சிரிப்பு எவனோ செத்துப்போன அமெரிக்காக்காரனைக் கேட்டு வருகிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது. நானும் கேட்டு, எனக்கும் அது பிடித்துத் தொலைத்துவிட்டால் அப்புறம் எதைச் சொல்லிக் கோபப்படுவது? அதனால் கேட்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன்.

காதில் ஒயர் இல்லாத நேரத்தில் வாயால் முனகுவார். பல் துலக்கும்போது முனகல், செருப்பு மாட்டும்போது முனகல். சாப்பிடும்போதுகூட இரண்டு கவளத்துக்கு நடுவே ஒரு "டும் டுடும்". குழம்பு எப்படி என்று கேட்டால், "ம்" என்று சொல்லிவிட்டு அடுத்த டுடும். நான் அரைத்து விட்ட குழம்புக்கு ஒரு 'ம்', அந்தக் கிழவருக்கு அத்தனை டுடும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். நதியா வந்தாள்.

நதியா சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். என் மெஷினுக்கு ஹெல்பராகப் போட்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் நின்று தைத்த பீஸை வாங்கிப் பிசிறு வெட்டுவாள். துணி தீர்ந்தால் கீழே கட்டிங்குக்கு ஓடிப்போய் அடுத்த பண்டிலைத் தூக்கிக்கொண்டு வருவாள். சுறுசுறுப்பானவள், லட்சணமானவள். முதல் வாரம் எனக்கு அவளைப் பிடித்திருந்தது என்பதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

ஒரு நாள் மத்தியானம் தோளில் பண்டிலோடு படியேறி வந்தவள் எதையோ முனகிக்கொண்டே வந்தாள். டும் டுடும். அதே ஓட்டம், அதே சடார் நிறுத்தம். மணி அடிக்கும் இடத்தில் நாக்கைச் சொடுக்கி ஒரு "டிங்" வேறு.

ஊரில் யாருக்கும் தெரியாத பாட்டு. ரேடியோவில் வராது, கடையில் கிடைக்காது. திருப்பூரிலேயே அது ஒரே ஒரு போனில்தான் இருக்கிறது. அந்தப் போன் கட்டிங் டேபிள் மேல் இருக்கிறது. இந்தப் பெண் கட்டிங் டேபிளுக்கு நாள் முழுக்கப் போய்ப் போய் வருகிறாள். இதற்குமேல் கூட்டிக் கழித்துப் பார்க்க என்ன இருக்கிறது?

சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்தபடி சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன். "அந்தப் பாட்டு எங்க கண்ணு கத்துக்கிட்டே?"

அவள் கண்ணைச் சிமிட்டிச் சிரித்தாள். "எங்கன்னு ஒங்களுக்குத் தெரியாதாக்கும்! போங்கக்கா."

டிபன் பாக்ஸை மூடினேன். எவ்வளவு திமிர் இருந்தால் என்னிடமே சிமிட்டுவாள்! ஒரே ஒயரில் ஆளுக்கொரு காதாக மாட்டிக்கொண்டு இரண்டு பேரும் கட்டிங் டேபிள் மறைவில் நிற்பதுபோல எனக்குக் காட்சி ஓட ஆரம்பித்துவிட்டது. மணி அடிக்கிற இடம் வந்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புத்தான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் பண்டில் எடுக்க நானே போனேன். டெய்லர் மெஷினை விட்டு இறங்கினால் லைன் நின்றுபோகும். சூப்பர்வைசர் கத்தினார். கத்தட்டும் என்று போனேன். கீழே இவர் துணி மேல் குனிந்து மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார், காதில் ஒயரோடு. என்னைப் பார்த்ததும், "நீ எதுக்கு வந்தே? அந்தப் புள்ள எங்க?" என்றார்.

அந்தப் புள்ள எங்கயாம்!

அன்று சாயங்காலம் வீட்டில் அவர் மறுபடியும் ஒயரை நீட்டினார். "ஒருக்காத்தான் கேளேன் புள்ள." அவள் காதில் மாட்டிக் கழற்றியதை என் காதில் மாட்ட வருகிறாரா என்று கையைத் தட்டிவிட்டேன். காரணம் அவருக்குப் புரியவில்லை. தானே மாட்டிக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தார்.

அடுத்த நாள் நதியாவை வாங்கு வாங்கென்று வாங்கிவிட வேண்டும் என்ற முடிவோடு மெஷினில் உட்கார்ந்தேன். அவள் கீழே போயிருந்தாள். வரட்டும். என்ன சொல்ல வேண்டும், எந்த வார்த்தையில் ஆரம்பிக்க வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே பெடலை மிதித்தேன். எங்கள் ஹாலில் எல்லா மெஷினும் ஓடும்போது பக்கத்தில் இருப்பவள் கத்தினாலும் பாதிதான் கேட்கும். கோபத்தில் என் மெஷின் பறந்தது.

கரண்ட் போனது. ஜெனரேட்டர் பிடிக்கும்வரை ஹாலில் சத்தம் மொத்தமாக அடங்கிவிடும். அந்த அமைதியில், இருட்டில், யாரோ ஒருத்தி தொண்டை திறந்து "டும் டுடும்" என்று பாடிக்கொண்டிருந்தாள்.

அகப்பட்டாள் என்று திரும்பினேன். ஆனால் நான் திரும்பியதும் குரல் நின்றுவிட்டது. என் வாய் இன்னும் திறந்திருந்தது.

லைன் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. பக்கத்து மெஷின் கருத்தம்மா, "ஏத்தா வேல்விழி, ஏன் நிறுத்திட்ட? வந்து உக்காந்ததுல இருந்து சாயங்காலம் வரைக்கும் இதத்தான பாடுவ?" என்றாள்.

படிக்கட்டு இருட்டிலிருந்து நதியாவின் குரல் வந்தது. "நிப்பாட்டிறாதீங்கக்கா! ரெண்டாவது வாட்டி மணி அடிக்குமே, அதுக்கு அடுத்து வாரது எனக்கு இன்னும் பிடிபடல. ஒங்க முதுகுக்குப் பின்னாலயே நின்னு கேட்டாலும் மெஷின் சத்தத்துல நழுவிப் போயிருது."

நல்லவேளை, இருட்டாக இருந்தது. ஜெனரேட்டர் உறுமி வெளிச்சம் வந்தபோது நான் குனிந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன், அறுந்துபோகாத நூலை.

நதியா தப்பித்தாள். ஆனால் என் வயிற்றெரிச்சல் அடங்கியதா என்றால் இல்லை. கேட்கவே மாட்டேன் என்றிருந்த எனக்குள்ளேயே அந்தக் கிழவர் புகுந்து உட்கார்ந்துவிட்டாரே! வீட்டுக்கு வந்ததும் இவர் முன்னால் போய் நின்றேன்.

"ஏனுங்க, இதக் கேக்கறப்ப ஆரை நெனைச்சுக்குவீங்க?"

அவர் ஒயரைக் கழற்றினார். பொய் சொல்லத் தெரியாதவர். நன்றாக யோசித்துவிட்டுத்தான் சொன்னார். "ஆரையும் நெனைக்கறதில்ல புள்ள. அதுதான் இதுல சொகமே."

இன்னொருத்தியை நினைத்தேன் என்று சொல்லியிருந்தால் தலைமயிரைப் பிடித்திருப்பேன். ஆரையும் இல்லை என்றால் எவள் மயிரைப் பிடிப்பது? அத்தனை சிரிப்பும் வெளிச்சமும் வரும் இடத்தில் நான் இல்லவே இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அது சொல்லத்தகாத விஷயம் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"குடுங்க" என்று போனைப் பிடுங்கினேன். ஆளுக்கொரு காதாக இல்லை, இரண்டையும் என் காதிலேயே மாட்டிக்கொண்டேன்.

வயலின்கள் ஓடி வந்தன. அவர் வாயில் கேட்டது இதில் கால்வாசிகூட இல்லை. நடுவில் ஒரு குழல் எல்லோரையும் கேலி செய்துவிட்டு ஒளிந்துகொண்டது. அதைப் பிடிக்க அத்தனை பேரும் ஓடினார்கள், பிடிக்க முடியாமல் நின்றார்கள். மணி அடித்தது. நான் சிரித்துவிட்டேன். யாருக்கும் பசி இல்லாத, யாரும் யாரையும் திட்டாத ஒரு ஊரின் கடைவீதியில் நான் தனியாக, கை வீசி நடந்துகொண்டிருந்தேன். எனக்குப் புருஷன் இருக்கிறான் என்பதே நினைவில் இல்லை.

முடிந்தபின் கண்ணைத் திறந்தேன். அவர் எனக்கு நேர் எதிரே வந்து குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாரோ தெரியவில்லை.

"அப்படியென்ன சிரிப்பு?" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. "ஆரை நெனைச்சே?"

"ஆரையும் இல்லீங்க" என்றேன்.

அவர் முகம் சுருங்கிப்போனது. எனக்கு அப்படி ஒரு திருப்தி. சமையலுக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தும், அவர் கைநீட்டக் கைநீட்டப் போனைக் கொடுக்காமல், முதலிலிருந்து இன்னொரு தடவை கேட்டேன்.