ஏழாம் மாதத்து ஜாக்கெட்டு

ஞானசௌந்தரிக்கு ஏழாம் மாதம் பிறந்தபோது அவளுடைய ஜாக்கெட்டுகளில் ஒன்றுக்குக்கூடப் பொத்தான் போட முடியவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவள் ஒன்பது வருஷமாக வாத்தியாரம்மா. கழுத்துவரை மூடி, மணிக்கட்டுவரை கை நீண்டு, இடுப்பைக் கவ்விப் பிடிக்கிற ஜாக்கெட்டுதான் அங்கே வழக்கம். அவள் என்ன உடுத்துகிறாள் என்று பார்த்துத்தான் மற்ற ஆசிரியைகள் உடுத்துவார்கள். இரண்டு கரு கலைந்து மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை இது. முந்தானையை இழுத்து இழுத்து மூடிச் சமாளித்துக்கொண்டிருந்தாள்.

1911ஆம் வருஷம் புரட்டாசியில், பள்ளிக்கூடப் பரிசோதனைக்கு ஒரு வெள்ளைக்கார அம்மாள் வரப்போவதாகக் கடிதம் வந்தது. பள்ளியை நடத்திய வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா ஞானசௌந்தரியைக் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த புத்தகத் தமிழில் சொன்னாள்: "இந்தக் கோலத்தில் நீ வகுப்பின் முன் நிற்பது அழகல்ல. ஒழுங்கான உடை கிடைத்தால் நில். கிடைக்காவிட்டால் வீட்டில் இரு."

வருஷம் முழுக்க அந்த வகுப்பைத் தயார் செய்தவள் அவள். வீட்டில் இருக்க மனம் ஒப்பவில்லை. சனிக்கிழமை வண்டி பிடித்து, ஆற்றுப்பாலம் தாண்டித் திருநெல்வேலி டவுனுக்குப் போனாள். ரத வீதியில் முதல் ஜவுளிக்கடைக்காரர் சென்னைப்பட்டணத்திலிருந்து தைத்து வந்த ஜாக்கெட்டுகளை விரித்துப் போட்டார். கையில் சுருக்கம் வைத்து, கழுத்தில் லேஸ் வைத்து, எல்லாம் பார்க்க அழகாக இருந்தன. எல்லாமே ஒட்டிய வயிற்றுக்காரிகளுக்கு.

"வயித்துக்கு மட்டும் இடம் விட்டு, பார்க்க லெட்சணமா ஒண்ணு கிடையாதா அண்ணாச்சி?"

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் துணியை மடித்தார். "மாசமா இருக்கவுக கடைத்தெருவுக்கு வருவாவளா தாயி? வீட்டுக்குள்ள கெடக்கவளுக்கு லெட்சணம் எதுக்கு? அப்படி ஆரும் தைக்கதும் இல்ல, ஆரும் விக்கதும் இல்ல."

கடையின் பின்பக்கம் யாரோ சிரித்தார்கள். இன்னும் மூன்று கடை ஏறி இறங்கினாள். கடைசிக் கடையில் ஏதோ துரைசானிக்கு வரவழைத்து வாங்காமல் போன இரவு அங்கி ஒன்றை எடுத்து நீட்டினார்கள். அது தலையணை உறை மாதிரி இருந்தது. கால் வீங்கிப்போய்த் திரும்பி வந்தாள்.

மறுநாள் மாலை மேலப்பாளையத்தில் தையற்காரர் தாஜ் முகம்மதுவிடம் போனாள். "பொம்பளையாளுக்கு நான் அளவெடுக்கதில்ல. பழைய ஜாக்கெட்டக் குடுத்தா அது மாதிரி தைப்பேன்," என்றார் அவர். "இந்த வயித்துக்குப் பழைய ஜாக்கெட்டுக்கு எங்க போக?" என்றாள் ஞானசௌந்தரி.

திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி மைதீன் பாத்திமாவின் குரல் வந்தது. "அவுகள உள்ள வரச் சொல்லுங்க."

ஐந்து பெற்று மூன்றை வைத்திருந்தவள் அவள். நூல்கயிற்றை வயிற்றைச் சுற்றிப் பைய வைத்து, முடிச்சுப் போட்டு அளவெடுத்தாள். "நெஞ்சுக்குக் கீழ மடிப்பு வச்சு விடுதேன் வாத்தியாரம்மா. ரெண்டு பக்கமும் நாடா. வயிறு வளர வளர அவுத்து விட்டுக்கிடலாம்."

ஐந்தாம் நாள் ஜாக்கெட்டு வந்தது. சாம்பல் நிறம், கழுத்தில் மெல்லிய வெள்ளை லேஸ். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது, எத்தனையோ மாதம் கழித்துத் தான் அழகாக இருப்பதாக ஞானசௌந்தரிக்குத் தோன்றியது. மாமியார் சாரம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"ரெண்டு போனது பத்தாதாட்டி? வயித்துப் பிள்ளையோட இப்படி மினுக்கிக்கிட்டு நாலு பேரு முன்னால நிக்கணுமா? கண்ணு பட்டுரும்."

கலெக்டர் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த புருஷன் தேவதாசன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். "நல்லாத்தானம்மா இருக்கு."

பரிசோதனை நன்றாக நடந்தது. பிள்ளைகள் ஒருவர்கூடத் தடுமாறவில்லை. போகும்போது, பரிசோதனைக்கு வந்த அம்மாள் அந்த ஜாக்கெட்டை எங்கே வாங்கினாய் என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

பதினெட்டு நாள் கழித்து, மத்தியானத்தில் வலி கண்டது. பிறந்தது ஆண் பிள்ளை. உயிர் இல்லை. தொப்புள்கொடி கழுத்தை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. யார் பேரிலும் குற்றமில்லை என்று பிரசவம் பார்த்த டாக்டரம்மா சொன்னாள். ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்பதால் கல்லறைத் தோட்டத்தில் மதிலோரமாகப் புதைத்தார்கள்.

துக்கம் கேட்க வந்த ஒவ்வொருத்தியிடமும் சாரம்மாள் ஜாக்கெட்டைப் பற்றித்தான் சொன்னாள். வந்தவர்களும் தலையை ஆட்டினார்கள். நான்காம் நாள் ஞானசௌந்தரி புருஷனிடம் கேட்டாள்.

"அன்னைக்கு நல்லாருக்குன்னு சொன்னிய. இப்ப நீங்களும் அதத்தான் நெனைக்கியளா?"

அவன் சுவரைப் பார்த்தபடி இருந்தான். "அம்மா சொன்னதக் கேட்டிருக்கலாம்."

அதன்பின் அவள் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. பால் கட்டி நெஞ்சு கல்லாகக் கனத்தது. துணியை வைத்து வைத்து மாற்றினாள்.

பன்னிரண்டாம் நாள் தாஜ் முகம்மது வாசலில் வந்து நின்றார். சாரம்மாள் அவரை ஏசித் துரத்துவது உள்ளே கேட்டது. "பாத்திமா ஊசியத் தொட மாட்டேங்கா தாயி. என் கைதான் ஆகாத கைன்னு அழுதுக்கிட்டே கெடக்கா. அதச் சொல்லத்தான் வந்தேன்," என்று அவர் சொல்லிவிட்டுப் போனதும் கேட்டது.

ஞானசௌந்தரி எழுந்து அந்தச் சாம்பல் நிற ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு சேலையை மாற்றினாள். சாரம்மாள் கதவை மறித்தாள். "பச்ச உடம்போட எங்க போற? அதுவும் இந்தச் சனியனப் போட்டுக்கிட்டு?"

"வேற எதுவும் உடம்புக்குச் சேரல மாமி," என்று சொல்லி அவள் விலகி நடந்தாள்.

மேலப்பாளையம் போய்ச் சேர்வதற்குள் ஜாக்கெட்டின் முன்பக்கம் பாலில் நனைந்துவிட்டது. மைதீன் பாத்திமா அவளைக் கண்டதும் முகத்தில் அறைந்துகொண்டாள். ஞானசௌந்தரி அந்தக் கைகளைப் பிடித்தாள்.

"கொடி சுத்திருச்சு பாத்திமா. டாக்டரம்மாவே சொன்னாவ. உன் கையில ஒரு குத்தமும் இல்ல."

பாத்திமா அவளையே பார்த்தாள். "அப்ப உங்க மேலயும் இல்லல்லா வாத்தியாரம்மா?"

டாக்டரம்மாவுக்குப் பிறகு இந்தப் பன்னிரண்டு நாளில் அவளிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. ஞானசௌந்தரி அந்தத் தரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பாத்திமா பக்கத்தில் உட்கார்ந்து, பாலில் நனைந்த துணியை வாங்கிப் பிழிந்து பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அந்த ஜாக்கெட்டுப் பேச்சு ஓயவில்லை. தேவதாசனும் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை. தை மாதம் ஞானசௌந்தரி மறுபடி வேலைக்குப் போனாள். அதன்பின் அவளுக்குப் பிள்ளை உண்டாகவில்லை.