ஆராதனைக் குழுத் தலைவியின் கணவர்

புதிதாக வந்த போதகருக்குச் சபையைப் பார்த்ததும் மனசு ஆறவில்லை. பாட்டென்றால் ஜனங்கள் உதட்டை மட்டும் அசைத்தார்கள். ஜெபமென்றால் ஒரு கண்ணை மூடி, மற்றதால் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஆசீர்வாதம் முடியுமுன்பே வண்டிச் சாவியைத் துழாவினார்கள். "ஆராதனைங்கிறது செடி மாதிரி, பக்கத்துல இருந்து வளர்க்கணும்" என்று சொல்லி ஒரு குழு அமைத்தார். தலைவியாகத் தையலக்காவை நியமித்தார்.

பாடகர்களின் அங்கியெல்லாம் அவள் தைத்தது. பாட ஆரம்பித்தால் கூரைக்குக் கேட்கும். அதுவரை அவள் தலைமை தாங்கியது ஒரு தையல் மிஷினுக்குத்தான். அதுவும் சொன்ன பேச்சு கேட்காது. ஆகவே தலைவி என்று யாராவது கூப்பிட்டால் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

குழுவின் செயலாளர் பல் டாக்டர். வாயைத் திறக்க மாட்டேன் என்பவர்களோடே காலம் தள்ளிய மனிதர். ஆராதனைக்கு எதெல்லாம் இடைஞ்சல் என்று முதல் கூட்டத்திலேயே சொன்னார். போன் அடிப்பது. தாமதமாக வருவது. "அப்புறம், தூண் பக்கத்து பெஞ்சுல இருந்து ஒரு சத்தம்."

எல்லாரும் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார்கள். பாவம், மின்விசிறி என்ன செய்யும்? அது தையலக்காவின் கணவருடைய குறட்டை.

"தலைவி வீட்டுக்காரரே தூங்கினா மத்தவங்களை எந்த வாயால எழுப்புறது, சிஸ்டர்? இந்த மாசத்துக்குள்ள சரி பண்ணுங்க. இல்லைன்னா வேற தலைவியைப் பார்க்க வேண்டி வரும்." பல்லைப் பிடுங்குமுன் பேசும் அதே இதமான குரலில் சொன்னார்.

கணவர் ரொட்டிக்காரர். ராத்திரி முழுக்க அடுப்படியில் நின்றுவிட்டு, ஞாயிறு காலை காதுமடலில் மாவோடு நேரே ஆலயத்துக்கு வந்துவிடுவார்.

"பேசாம வீட்டுல படுத்துத் தூங்குங்களேன்" என்றாள் தையலக்கா.

"வீட்டுல தூங்கினா உன் பக்கத்துல இருக்க முடியுமா? நீ தூங்குறப்ப நான் வேலைக்குப் போறேன். நான் தூங்குறப்ப நீ மிஷினை மிதிக்கிற. வாரத்துல ஒருநாள்தானே ரெண்டு பேருக்கும் ஒரே பெஞ்சு."

"அன்னைக்கும் தூங்கத்தானே செய்றீங்க?"

"பக்கத்துலதானே தூங்குறேன்."

அடுத்த ஞாயிறு தையலக்கா, தன் மேல்சட்டையின் தோளில் எப்போதும் குத்தி வைத்திருக்கும் குண்டூசிகளில் ஒன்றை உருவிப் பிரசங்கத்தின் நடுவில் அவர் தொடையில் லேசாகக் குத்தினாள். "ஆமென்!" என்று ரொட்டிக்காரர் எழுந்து நின்றார். பாவத்தின் சம்பளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த போதகர் உற்சாகமாகி மேலும் கொஞ்சம் பேசினார். சபை தையலக்காவை முறைத்தது.

அதன்பிறகு ரொட்டிக்காரரை வாசலில் நிறுத்திப் பாட்டுப்புத்தகம் கொடுக்கச் சொன்னார்கள். நின்றால் தூங்க மாட்டார் என்பது பல் டாக்டரின் யோசனை. கதவில் சாய்ந்து நின்றபடியே தூங்கினார். வருகிறவர்கள் அவர் கையிலிருந்து தாங்களே ஆளுக்கொன்றாக உருவிக்கொண்டு உள்ளே போனார்கள்.

இந்த நேரத்தில்தான் போதகர் புதுப் பழக்கம் ஒன்றைக் கொண்டுவந்தார். பிரசங்கம் முடிந்ததும் பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. எல்லாரும் கொஞ்ச நேரம் தேவனுக்கு முன்னால் சும்மா இருக்க வேண்டும்.

முதல் நாள் மௌனம் தொடங்கியதும், பழைய பெஞ்சுக்கே திரும்பியிருந்த ரொட்டிக்காரரும் தொடங்கினார். முரட்டுக் குறட்டை இல்லை. நல்ல மிஷின் ஒரே சீராக ஓடுவது போல. தையலக்காவுக்கு அந்த பெஞ்சு அப்படியே பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. தலை நிமிராமல் தன் பதவிக்கு மனசுக்குள் அடக்க ஆராதனை நடத்தி முடித்தாள்.

வெளியே வந்ததும் பல் டாக்டர், "இன்னைக்கு மௌனம் நல்லா இருந்துச்சு, சிஸ்டர்" என்றார்.

குத்திக் காட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டாள். அந்த வாரமே ரொட்டிக்கடைக்குப் போய் முதலாளியிடம் மன்றாடிக் கணவருக்குச் சனிக்கிழமை விடுப்பு வாங்கிவிட்டாள்.

மறு ஞாயிறு ரொட்டிக்காரர் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு, முழித்த கண் முழித்தபடி உட்கார்ந்திருந்தார். மௌனம் தொடங்கியது. யாரோ மிட்டாய்த் தாளைப் பிரித்தார்கள். ஒருவர் இருமினார், அந்த இருமல் காணிக்கைப் பை போல வரிசை வரிசையாகப் போய் வந்தது. பல் டாக்டரின் முழங்கால் சொடுக்கியது. எல்லாரையும் விட மோசம் ரொட்டிக்காரர்தான். காலை ஆட்டினார், விளக்குகளை எண்ணினார், "இன்னும் எவ்வளவு நேரம்மா?" என்று பக்கத்து வரிசைக்கும் கேட்கும்படி கிசுகிசுத்தார். போதகர் தாங்கமாட்டாமல் பாதியிலேயே மௌனத்தை முடித்துவிட்டார்.

குழு கூடியது. தலைவி பதவியை விட்டுவிடுகிறேன் என்று சொல்லத் தையலக்கா வாயெடுத்தாள்.

பல் டாக்டர் முந்திக்கொண்டார். "அண்ணனுக்கு என்ன ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கார். ராத்திரி பூரா தூங்கினார்."

"அதான் கெட்டுப்போச்சு."

"இத்தனை நாள் குறட்டை குறட்டைன்னு என் உயிரை வாங்கினீங்களே!"

"வாங்கினேன், இல்லைங்கல." பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னைக்கு மனுஷன் அசந்து தூங்கினாரா? எழுப்பிடக் கூடாதேன்னு எல்லாரும் ஆடாம அசையாம உட்கார்ந்திருந்தோம். சும்மா உட்கார்ந்திருக்கோமேன்னு நானும் கொஞ்சம் ஜெபம் பண்ணினேன். ரொம்ப வருஷமாச்சு, சிஸ்டர்."

போதகர் தொண்டையைச் செருமினார். "அம்மா, சபை சார்பா ஒரு விண்ணப்பம். அண்ணனை வேலைக்கு அனுப்புங்க. தலைவி நீங்களே இருங்க."

அடுத்த ஞாயிறு ரொட்டிக்காரர் காதுமடலில் மாவோடு வந்தார். "இன்னைக்கு ஊசி கீசி ஏதாவது உண்டா?" என்று கேட்டுவிட்டுப் பயந்தபடியே உட்கார்ந்தார்.

தையலக்கா அவர் பக்கமிருந்த தன் தோளில் குத்தியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக உருவிப் பைக்குள் போட்டாள். ஒன்றும் மிச்சமில்லையே என்று தடவிப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.

"ம், சாய்ஞ்சுக்கோங்க" என்றாள். "மௌனம் தொடங்கப் போகுது."