கார்ட்டூமிலிருந்து கிளம்பிய லாரி

களத்தில் காய்ந்த உளுந்தைச் சந்திரலேகா புடைத்துக்கொண்டிருந்தபோது கணவன் உத்திராபதியின் போன் வந்தது. அவன் பேசுமுன்பே பின்னால் கேட்ட வெடிச் சத்தம் விஷயத்தைச் சொல்லிவிட்டது.

சூடான் தலைநகர் கார்ட்டூமில் எண்ணெய் மில் ஒன்றில் மோட்டார் மெக்கானிக்காக இருந்தான். போன சில வருஷத்தில் அங்கே ஒரு ஆட்சி கவிழ்ந்ததையும், அடுத்து வந்ததைப் பட்டாளம் கலைத்ததையும் பார்த்துவிட்டான். அப்போதெல்லாம் கொஞ்ச நாள் கடையடைப்பு, பிறகு மில் பழையபடி ஓடும். இந்தத் தடவை பட்டாளமும் அதற்குத் துணையாக இருந்த படையும் தங்களுக்குள்ளேயே சுட்டுக்கொண்டன. மில் சுவரில் குண்டு விழுந்திருந்தது.

கூடத் தங்கியிருந்தவர்கள், தூதரகத்து பஸ் வரும்வரை கதவைத் திறக்கக் கூடாது என்றார்கள். குடிதண்ணீரோ தீர்ந்துகொண்டிருந்தது. மில் லாரி ஓட்டும் உஸ்மான் மட்டும், விடிந்ததும் துறைமுகத்துக்குக் கிளம்புகிறேன், வருகிறவர்கள் ஏறிக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தான். வழியில் மறித்துச் சுட்டுவிட்டால் என்ன செய்வது என்று உத்திராபதிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சந்திரலேகா முறத்தைக் கீழே வைத்தாள். "உஸ்மான் தனியாவா போறாரு?"

"இல்ல. பொண்டாட்டி பிள்ளைங்களையும் ஏத்திக்கிட்டுப் போறாரு."

"அப்ப நீங்களும் ஏறுங்க. வழி தெரியாதவரு பிள்ளைங்கள ஏத்த மாட்டாரு. அங்க இருக்கிற நம்ம ஆளுங்களையும் கூப்பிடுங்க."

அதோடு போன் அடங்கிவிட்டது. மறுநாளும் பேச்சு மூச்சில்லை. திருவையாற்றிலிருந்து சொந்தக்காரர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள், அழ விடவில்லை. உளுந்தை மூட்டை கட்டி வண்டியில் ஏற்றினாள்.

பிறகு யாருடைய போனிலிருந்தோ உத்திராபதி பேசினான். மறித்த இடத்திலெல்லாம் உஸ்மான் இறங்கிப் பேசியே வண்டியை விடவைத்தானாம். ஓரிடத்தில் எல்லோருடைய போனையும் பிடுங்கிக்கொண்டார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. துறைமுகத்திலிருந்து கப்பல், விமானம் என்று ஊர் வந்து சேர்ந்தான்.

வந்தவனுக்குச் சோறு இறங்கவில்லை. "கப்பல்ல நம்ம நாட்டு ஆளுங்களத்தான் ஏத்துனாங்க. எங்களக் கொண்டாந்து விட்டவரு, பிள்ளைங்களோட கரையில நிக்கிறாரு" என்றான்.

அவள், மில் முதலாளி எங்கே இருக்கிறார் என்று கேட்டாள். எகிப்துக்குத் தப்பிப் போய்விட்டார் என்றான்.

"அவருக்குப் போன் போடுங்க. எந்த ஊர்ல தொழில் பண்ணாலும் நம்பிக்கையான டிரைவர் வேணும்ல?"

முதலாளி முதலில் பிடிகொடுக்கவில்லை. உத்திராபதி விடவில்லை, லாரி வந்த கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னான். கடைசியில் அவர் உஸ்மானை வேலைக்கு வைக்க ஒத்துக்கொண்டு, எல்லை தாண்டவும் ஆள் ஏற்பாடு செய்தார்.

குறுவை நடவன்று, கெய்ரோவிலிருந்து உஸ்மானே கூப்பிட்டான். குடும்பம் வந்துவிட்டது, வேன் ஓட்டுகிறேன் என்றான். உத்திராபதி வரப்பிலிருந்தே அதை மனைவியிடம் உரக்கச் சொன்னான். சந்திரலேகா நிமிர்ந்து சிரித்தாள். சிரித்தபடியே, கீழண்டை வயலில் தண்ணீர் அதிகமாக நிற்கிறது, மடையைத் திறந்துவிட்டு வாங்க என்றாள்.