நீநோர்ஸ்க் வென்ற ஞாயிற்றுக்கிழமை

நோர்வேயில் பல வருடம் இருந்துவிட்டுக் கனடாவுக்கு வந்த தமிழர்கள், நோர்வே மொழியிலேயே கதை எழுதிப் புத்தகம் போடுவதென்று முடிவானது. இரத்தினவேலர் தன்னுடைய கதையை மூன்றே நாளில் எழுதி முடித்தார். மூன்று நாளும் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை என்று அவர் சொல்லித் திரிந்தார். மனைவி புனிதவதியைக் கேட்டால் ஒன்பது தோசை.

ஸ்காபரோவில் ஒரு அப்பாட்மென்ற் கட்டடத்துப் பார்ட்டி ஹோலில் எல்லாரும் கூடிய அன்று, புத்தகத்தைத் தொகுத்த சீமோன் எழும்பி இரத்தினவேலர் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டார்.

"இரத்தினவேல் அண்ணை, உங்கட கதை திறம். ஆனா உந்த நீநோர்ஸ்கை ஆர் வாசிக்கிறது? நீங்கள் கஷ்டப்படக் கூடாதெண்டு நானே முழுக்கப் பூக்மோலுக்கு மாத்திப்போட்டன்."

நோர்வேக்காரர் தங்கள் மொழியை இரண்டு விதமாக எழுதுவார்கள். பூக்மோல், முன்னம் ஆண்ட டென்மார்க்காரரின் எழுத்திலிருந்து வந்தது; ஒஸ்லோ அதன் பக்கம். நீநோர்ஸ்க் அப்படியில்லை. நிலம் உழுத ஒரு கமக்காரனின் மகன் மலையும் கடலேரியும் ஏறி இறங்கி, சனம் வாயால் பேசினதைப் பொறுக்கிச் சேர்த்துக் கட்டின எழுத்து. இரத்தினவேலர் சொன்னால், அந்த மனிசன் நடந்த நடையில் எழுபது சோடி சப்பாத்துத் தேய்ந்தது, எழுபத்தோராவதைக் கரடி தின்றது. பிறகு அந்த எழுத்தில் கவிதை வந்தது, நாடகம் வந்தது, நாவல் வந்தது. மேற்குக் கரையில் மீன் வெட்டின தமிழன் ஒருவனின் கதை வராததுதான் பாக்கி.

சீமோன் மாற்றிய பக்கத்தைப் பார்த்ததும் இரத்தினவேலருக்கு மூக்கு விடைத்தது.

"என்ன ஐசே இது? மீன் வெட்டுற கிழவி பாங்க் மனேச்சர் மாதிரிக் கதைக்கிறா! உம்மட அம்மாவின்ர ஏச்சை றேடியோச் செய்தித் தமிழில சொல்லிப் பாரும், சுடுகுதோ எண்டு."

"அண்ணை, புத்தகத்துக்கு ஒரு ஒழுங்கு வேணும்."

"அப்ப அந்த நாட்டு ஒழுங்கிலேயே தீர்ப்பம். அங்க பள்ளிக்கூடத்துக்கு எந்த எழுத்தெண்டு ஊர்ச்சனத்திட்ட வோட்டுக் கேக்கிறவங்கள். ரெண்டையும் வாசிப்பம், கை தூக்கட்டும். தோத்தா என்ர கதையை நானே கிழிச்சு எறியிறன்."

சீமோன் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். இருந்த இருபத்தேழு பேரில் இருபது பேர் ஒஸ்லோவில் இருந்தவர்கள். புனிதவதி புருசனின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"இஞ்சருங்கோ, என்ர வோட்டைக்கூட நம்பாதேங்கோ."

பதினொரு வருடம் மேற்குக் கரையில் புருசனோடு அதே மீன் மேசையில் நின்றவர் அவர். புருசன் எழுதினதில் ஒரு வரிகூட வாசித்தறியாதவரும் அவர்தான்.

சீமோன் வாசித்தார். மழமழவென்று போனது. ஆட்கள் பற்றிஸைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார்கள்.

பிறகு இரத்தினவேலர். முதல் வரியை இரண்டு தரம் வாசித்தார். அதை மட்டும் அவர் பிறகு யாருக்கும் கூட்டிச் சொல்லவில்லை. கதையில், பனி கொட்டும் முதல் நாள், கத்தியைத் தலைகீழாய்ப் பிடித்த புதுத் தமிழனை பொர்கில்ட் என்ற கிழவி பிடித்துக்கொள்கிறாள். செத்த மீனே உன்னைப் பார்த்துச் சிரிக்குது, நீ என்ன கலியாணக் கேக் வெட்ட வந்தனியோ என்று நீநோர்ஸ்கில் கிழித்துக் காயப்போடுகிறாள்.

புனிதவதி வெடித்துச் சிரித்தார். சிரித்ததோடு விட்டாரா? எழும்பி நின்று, அந்த மேற்குக்கரைப் பேச்சிலேயே கிழவிக்குப் பதிலும் கொடுத்தார்: "பொடியனை விடு, உன்ர கத்தி மொட்டை!" ஹோல் குலுங்கியது. ஒஸ்லோக்காரருக்கும் எல்லாம் விளங்கியது. அந்த நாட்டில் முதன்முதல் தங்களை ஏசின ஒரு பொர்கில்ட் எல்லாருக்கும் இருந்திருக்கிறாள்.

நீநோர்ஸ்குக்குப் பத்தொன்பது கை. சீமோனின் மனைவி சுபாங்கி இரண்டு கையையும் தூக்கினார்; ஒன்றைத்தான் எண்ணினார்கள்.

சீமோன் தன் தாள்களை மடித்தார். "சரி அண்ணை, அப்பிடியே போடுறன். முதல் கதையா."

"பின்ன, கடைசியாவோ போடப் பாத்தனீர்?"

மோர்னிங்சைட் பஸ்ஸில் ஏறும்போது பத்தொன்பது கை இருபத்தாறாகியிருந்தது. லோறன்ஸ் வீதி தாண்ட நூற்றுத் தொண்ணூறு. புனிதவதி அதைத் திருத்தவில்லை.

"அந்தப் பொடியன் கடைசியில கத்தி பிடிக்கப் பழகினவனோ?"

"புத்தகம் வரட்டும்," என்றார் இரத்தினவேலர். "கியூவில நிண்டு வாங்கி வாசியும்."