அண்ணி விளக்கேற்றும் வீடியோ

சத்யப்பிரியாவின் சாப்பாட்டு வியாபாரம் முழுக்க அவளுடைய வெப்சைட்டில்தான். குன்றத்தூரிலிருந்து ஒரகடம் போகிற கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே வேலைக்குப் போகிற பிள்ளைகள் இரவுச் சாப்பாட்டுக்கு ஆர்டர் போடுவார்கள். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது கேட்டில் பொட்டலம் தயாராக இருக்கும். ஆனால் உள்ளே போகும்போதே போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். அதற்கப்புறம் போனாவது, ஆர்டராவது!

அந்த வெப்சைட் திறந்தால்தானே? சக்கரம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குள் பஸ் கேட்டுக்கு வந்துவிடும். ஆர்டர் நாளுக்கு நாள் தேய்ந்தது. இப்படியே போனால் சேரப்பணஞ்சேரியில் வாடகைக்குப் பிடித்த சமையல்கூடத்தை இந்த மாதத்தோடு காலி செய்ய வேண்டியதுதான்.

கோளாறு எதுவென்று அவளுக்குத் தெரியும். வெப்சைட் செய்ததே அவள்தானே. திறந்ததும் தானாக ஓடுகிற வீடியோ ஒன்று: திறப்புவிழா அன்று நாத்தனார் அம்சவல்லி பட்டுப்புடவை சரசரக்கக் குத்துவிளக்கு ஏற்றுகிறாள். ஸ்டுடியோக்காரர் கல்யாண வீடியோ கணக்காக இழுத்து இழுத்து எடுத்திருந்தார். அதைத் தூக்கினால் போதும். யார் தூக்குவது?

"அத எடுத்தின்னா அக்கா நம்ம வூட்டு வாசப்படி மிதிக்காது," என்றான் கணவன் செந்தமிழன். "டெய்லி பாக்குதாம். அது ஊரு பென்னலூர்ல எல்லார்கிட்டயும் காட்டிகினு கீது."

"அப்ப கடைய மூடிட்டு நாமளும் அதையே பாத்துகினு இருக்கலாமா?"

அக்கா என்றால் அவனுக்கு உயிர். சத்யப்பிரியாவுக்கும் அண்ணி மேல் பாசம் இல்லாமல் இல்லை. கடைக்கு முதல் அண்டா வாங்கிக் கொடுத்தவளே அம்சவல்லிதான். இருந்தாலும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு வீடியோவை எடுத்தாள். சாப்பாட்டுப் படங்களையும் சிறிதாக்கினாள்.

மறுநாள் காலை பஸ் கேட்டைத் தொடுவதற்குள் ஆர்டர்கள் வந்து குவிந்தன. கூடவே அம்சவல்லியின் போனும் வந்தது. கை முழுக்க மாவு, ஸ்பீக்கரில் போட்டாள். அன்று லீவில் இருந்த செந்தமிழன் பக்கத்திலேயே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

"பிரியா, வெப்சைட்ட இன்னா பண்ண?"

"அண்ணி, அது வந்து..."

"தொட்டதும் தொறந்துகிச்சும்மா! இம்மா நாளா ஒரு தபா கூட தொறந்ததில்ல. தம்பி ஆசையா கேக்கறானேன்னு, டெய்லி பாக்கறேன்னு சும்மா சொல்லிகினு இருந்தேன். அவன்கிட்ட சொல்லிடாத, இன்னா?"

செந்தமிழன் வெங்காயத்தைக் கீழே வைத்தான்.

"சொல்ல மாட்டேன் அண்ணி," என்றாள் அவள், அவனைப் பார்த்துக்கொண்டே.