ஒரு ஆளுக்குப் பதினாறு கட்டம்

டைலர் வெட்டு மேஜையின் மேல் பழுப்புக் காகிதத்தை விரித்து, நாலு மூலையிலும் கைக்கு அகப்பட்டதை வைத்தார். ஒரு மூலையில் பெரிய கத்தரி, ஒன்றில் ஆறிப்போன இஸ்திரிப்பெட்டி, மற்ற இரண்டிலும் பித்தான் டப்பாக்கள். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. ஒரு தாள் போதாமல் இரண்டை ஒட்டியிருந்தார். நாலடிக்கு நாலடி ஒரு சதுரம், அதற்குள் அடிக்கு ஒரு கோடு, ஆக மொத்தம் பதினாறு கட்டம். நோட்டில் சின்னதாகப் போட்டுப் பெரிதாக நினைத்துக்கொள்ளலாமே என்று கேட்டால் அவருக்கு அது வராது. முப்பது வருஷமாக எதையும் நிஜ அளவிலேயே வரைந்து பழகிய கை. தோட்டத்தையும் அப்படித்தான் நீலச் சாக்கட்டியால் வரைந்தார்.

மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. கடல் தாண்டி ஓர் ஊரில், சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு வயதான அம்மாளோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் வேலை. மகளின் படிப்புக்காகப் போனாள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம், ஒரே ஒரு மாசம் வருவாள். பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள் மறுபடி கட்ட வேண்டியிருக்கும். மகள் படித்து முடித்து, வேறு ஊரில் வேலைக்கும் போய், பதினான்கு மாசம் ஓடிவிட்டது. பிறகு ஏன் அவள் இன்னும் அங்கே? இதை டைலர் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம். இப்போதைய ஒப்பந்தம் இன்னும் மூன்று மாசத்தில் முடிகிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியும். காலையில் பல் தேய்க்கும்போதுகூட அந்த மூன்று மாசம்தான் மனசில் ஓடும்.

தோட்ட யோசனையும் அவளிடமிருந்து வந்ததுதான். போன மாசம் போனில் அந்த வீட்டுப் பின்புறத்தைக் காட்டினாள். இடுப்புயரத்துக்குப் பலகை அடித்து, மண் நிரப்பி, ஒரு மேட்டுப்பாத்தி. அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையை நீட்டிக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். நூல் கட்டிப் பிரித்த கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு செடி வகை. முள்ளங்கி என்றால் ஒரு கட்டத்துக்குப் பதினாறு, பீன்ஸ் ஒன்பது, இலைக்கீரை நாலு, தக்காளி மகாராணி மாதிரி தனியாக ஒன்று. "நம்ம வீட்டுக்குப் பின்னாலயும் இப்படி ஒண்ணு இருந்தா எவ்ளோ நல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டு, உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். சும்மா வாய்தவறி வந்ததுதான். டைலர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பின்புறம் முழுக்க வீடு கட்டியபோது கொட்டிய செங்கல் உடைசலும் சுண்ணாம்பும். தரையில் எதுவும் முளைக்காது. அதனால்தான் மேட்டுப்பாத்தி.

எது யார் பக்கத்தில் என்பதுதான் பெரிய தலைவலி. கல்யாணப் பந்தியில் சொந்தக்காரர்களை உட்கார வைப்பது போலத்தான் இதுவும். தக்காளிக்குத் துளசி ஆகும், செண்டுமல்லி ஆகும். கேரட்டுக்கு வெங்காயம் துணை. வெங்காயத்துக்கும் பீன்ஸுக்கும் மட்டும் ஏழாம் பொருத்தம், ஒன்றின் முகத்தில் ஒன்று விழிக்கக் கூடாது. டைலர் தாளைச் சுற்றிச் சுற்றி வந்து, எழுதி, துணியால் துடைத்து, மறுபடி எழுதினார். கட்டத்தின் ஓரத்தில் நாள் கணக்கும் போட்டார். டெலிவரி தேதியை வைத்துப் பின்னோக்கி எண்ணுவது அவர் தொழில் வழக்கம்: எத்தனாம் தேதி கல்யாணம், என்றைக்கு வெட்டினால் என்றைக்குப் பித்தான் வைக்கலாம் என்று. தக்காளிக்கு எண்பது நாள், கேரட்டுக்கு எழுபத்தைந்து, பீன்ஸுக்கு ஐம்பத்தைந்து, முள்ளங்கிக்கு முப்பது. அவள் வந்து இறங்கும் வாரத்தில் பதினாறு கட்டமும் ஒரே நாளில் தயாராக நிற்க வேண்டும். கதவைத் திறந்து பின்பக்கம் கூட்டிப்போய் "பாரு" என்று சொல்ல வேண்டும். அந்தப் "பாரு"வுக்காகத்தான் இத்தனை பாடும்.

போன வாரமே பலகை அறுத்துக் கொடுத்தது பக்கத்துத் தச்சர். அவருக்கு ரம்பம் என்று பெயர். தொழிலுக்காக வைத்ததா, பேச்சுக்காக வைத்ததா என்று யாருக்கும் இப்போது ஞாபகமில்லை. டைலர் எழுதிக் கொடுத்த அளவுப்படியே நாலு பலகையும் அறுத்து, பெட்டி அடித்து, நூலும் கட்டிப் பார்த்தால், கடைசி வரிசை இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் மிஞ்சுகிறது. ரம்பம் அளவுச் சீட்டை எடுத்துப் படித்தார்.

"நாலடி ஒரு அங்குலமா? என்ன டைலரே, அந்த ஒரு அங்குலம் எதுக்கு?"

டைலருக்கே அப்போதுதான் உறைத்தது. "தையலுக்கு விட்டுட்டேன்."

"மரத்த மடிச்சா அடிப்பாங்க?"

"பழக்கதோஷம். நாளைக்கு உடம்பு போட்டா பிரிச்சு விட்டுக்கலாம்ல."

"பெட்டிக்கு உடம்பு போடுமா!" ரம்பம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்று சாயங்காலத்துக்குள் தெருவே சிரித்தது. பெட்டியைப் பிரித்து அங்குலத்தைச் சீவிக்கொண்டே அவர் கேட்டார். "சரி, வீட்டுக்காரம்மா எப்ப வர்றாங்க?"

"வருவா."

"எப்பன்னு கேட்டேன்."

"கேக்கல."

"கேக்கறதுக்கு என்ன? வாயில குண்டூசியா வச்சிருக்கீங்க?"

வாயில் குண்டூசி இருந்திருந்தால் தேவலை என்று டைலர் நினைத்துக்கொண்டார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்குப் போன் அடித்தது. இங்கே மதியம், அங்கே விடிகிற நேரம். அந்த அம்மாள் எழுந்திருப்பதற்கு முன் கிடைக்கும் அரை மணி நேரம்தான் இவர்களுடையது. டைலர் போனைத் தூக்கிப் பிடித்து மேஜை முழுவதையும் காட்டினார்.

"அய்யோ, மேஜ முழுக்கவா வரைஞ்சிருக்கீங்க!" அவள் சிரித்த சிரிப்பில் டைலருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு கிட்டே வந்து பார்த்தாள். "பீன்ஸை அந்தப் பக்கம் தள்ளுங்க. தக்காளி உசரமா வளரும், அத வடக்கு ஓரத்துல வைங்க, இல்லன்னா மத்ததுக்கு வெயில் விழாது. இது என்ன, ஒரு கட்டத்துல நாலு தக்காளி? தனியா ஒண்ணுன்னு காட்டினேன்ல, மூச்சு முட்டிச் செத்துரும்."

அவள் சொல்லச் சொல்ல டைலர் அழித்து எழுதினார். ஒரே வீட்டில் இருந்து பேசுவது போலவே இருந்தது. அவள் பார்வை கட்டங்களின் ஓரத்தில் இருந்த எண்களுக்கு வந்தது.

"இது என்ன கணக்கு? எல்லாம் ஒரே வாரத்துலயா வருது?"

"ஆமா."

"அப்படிப் போடக் கூடாதுங்க. கீரைய ரெண்டு வாரத்துக்கு ஒரு கட்டமா விதைக்கணும், ஒண்ணு முடிய ஒண்ணு வரும். பதினாறும் ஒரே நாள்ல வந்து நின்னா ஒரு ஆளு எப்படிச் சாப்பிடுவீங்க? மிச்சமெல்லாம் அழுகித்தான் போகும். ஒரு ஆளுக்கு எதுக்குப் பதினாறு கட்டம்? நாலு போதும்."

டைலர் சாக்கட்டியைக் கீழே வைத்தார். இதற்குத்தான் இத்தனை நாளும் பயந்தது. பார்த்தால், கேட்காமலேயே வந்துவிட்டது.

"ஒரு ஆளுன்னு சொல்றே."

அவள் முடிந்த முடியை அவிழ்த்து மறுபடி முடிந்தாள். "இன்னும் ரெண்டு வருஷம் இருக்க முடியுமான்னு கேக்கறாங்க. நாளைக்குள்ள சொல்லணும்."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல. உங்களக் கேக்கலாம்னு." டைலர் வாயைத் திறப்பதற்குள் அவளே தடுத்தாள். "உன் இஷ்டம்னு மட்டும் சொல்லிடாதீங்க."

அதைத்தான் சொல்ல இருந்தார். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"போகட்டுமான்னு கேட்டப்பவும் உன் இஷ்டம்னீங்க. பொண்ணு படிச்சு முடிச்சதும் வந்துடட்டுமான்னு கேட்டேன், அப்பவும் அதேதான். நான் வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான்னு அர்த்தம் பண்ணிக்கிட்டேன். வேற எப்படி எடுத்துக்கறது? இங்க இந்தம்மாவாவது போயிடாதேன்னு கையப் பிடிச்சுக்கறாங்க." அவள் குரல் கம்மியது. "எனக்கும் நாப்பத்தெட்டு வயசாயிடுச்சுங்க. நீ வேணும்னு ஒருத்தர் சொல்லிக் கேக்கணும்னு இருக்காதா?"

டைலர் திகைத்துப் போய் நின்றார். கட்டிப்போடாமல் விட்டதுதான் தன் அன்பு என்று இந்த ஆறு வருஷமும் நம்பிக்கொண்டிருந்த மனிதர். அக்கம்பக்கத்துப் புருஷன்மாரைப் போல அதட்டாமல், அவள் போக்குக்கு விட்டோமே என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அந்தப் பெருமையைத்தான் அவள் அங்கே, தான் யாருக்கும் வேண்டாதவள் என்ற துணியாக உடுத்திக்கொண்டு திரிந்திருக்கிறாள். எவ்வளவு பெரிய முட்டாள் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

"ராத்திரிச் சாப்பாட்டுக்கு இப்பவும் ரெண்டு தட்டு எடுத்துடறேன்" என்றார். சொல்ல நினைத்தது அதுவல்ல. "எடுத்துட்டு ஒண்ணத் திருப்பி வைக்கறேன். தினமும். வந்துடும்மா. மகளுக்காக இல்ல, வீட்டுக்காக இல்ல. எனக்கு நீ வேணும். நீ இல்லாம எனக்கு ஒண்ணுமே பிடிக்கல."

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து எங்கோ உள்ளறையில் மணி அடித்தது. அம்மாள் எழுந்துவிட்டாள். ஆறு வருஷமாக அந்த மணி அடித்தால் பேச்சு முடிந்தது என்று பொருள்.

"வெச்சிடாதீங்க" என்றாள். "இருங்க. அப்படியே இருங்க."

போனை எங்கோ மல்லாக்க வைத்துவிட்டுப் போனாள். திரையில் ஒரு கூரை மட்டும் தெரிந்தது. டைலர் பார்த்தே இராத, அவள் தினமும் படுத்துப் பார்க்கிற கூரை. செருப்புச் சத்தம் போயிற்று. உள்ளறையில் திரைச்சீலை இழுபட்டது, திறந்த கதவு வழியே கூரையில் வெளிச்சம் பரவியது. அம்மாள் ஏதோ கேட்டாள். அவருக்குப் புரியாத மொழியில் மனைவி பதில் சொன்னாள்: ஒரு வரி, நின்று, இன்னொரு வரி, பிறகு நீளமாக. நடுவில் தங்கள் ஊரின் பெயர் மட்டும் டைலருக்குப் பிடிபட்டது. யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது, இருவரில் யார் என்று தெரியவில்லை. விரல் தவறி எதிலும் பட்டுவிடக் கூடாதே என்று டைலர் போனை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, மூச்சையும் மெதுவாக விட்டுக்கொண்டு, வெளுத்துக்கொண்டே வரும் அந்தக் கூரையைப் பார்த்தபடி நின்றார்.